மோஷியிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு

அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களுக்கு,

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் சாக்பீஸ் பிடித்துவிட்டு, ஓய்வூதியமும் உடம்பில் கொஞ்சம் தெம்பும் மிச்சமிருக்க, எங்காவது போய் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே என்று நினைத்துக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் தான்சானியாவுக்கு வந்த நாள்முதல் உங்களில் பலர் கேட்டுவருவது ஒரே கேள்விதான்: நாங்களும் வரலாமா? தொலைபேசியில் ஒற்றை வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. டிசம்பர் முதல் வாரத்தில் இங்கே பள்ளி ஆண்டு முடிகிறது. அதோடு என் தொண்டூழியமும் முடிகிறது. ஊர் வந்து சேர்ந்தபின் எழுதினால் பயணக் கதையாகிவிடும். பிள்ளைகளின் சத்தம் காதில் விழும் தூரத்தில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாக வரலாம், இங்குள்ளோர் பேசும் சுவாகிலி மொழியைக் கற்றுக்கொண்டு வருவதானால். ஆங்கிலம் இருக்கிறது, அது போதும் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மீதி மடல் முழுவதும்.

நான் பணியாற்றும் பள்ளி இருப்பது மோஷி நகருக்கு மேலே, கிளிமஞ்சாரோவின் தெற்குச் சரிவில். 5,895 மீட்டர் உயர மலை அது. பகலில் பெரும்பாலும் மேகத்துக்குள் மறைந்திருக்கும். விடியற்காலையிலும் மாலையிலும்தான் உச்சிப் பனி கண்ணில் படும். சரிவெங்கும் வாழைத் தோட்டங்கள், வாழை நிழலில் காப்பிச் செடிகள், அவற்றினூடே மலை ஓடைகளின் நீரைத் திருப்பிக் கொண்டுவரும் பழைய வாய்க்கால்கள். இங்குள்ள சாக்கா மக்களின் முன்னோர் கையால் வெட்டியவை அவை. இன்றும் தோட்டங்களுக்கு அவற்றிலிருந்து தண்ணீர் பாய்கிறது. 1933இலேயே காப்பி விவசாயிகள் தங்களுக்கென்று கூட்டுறவு ஒன்றியம் அமைத்துக்கொண்ட வட்டாரம் இது. கல்வியிலும் முந்திக்கொண்ட பகுதி. தரங்கம்பாடியில் பள்ளிகள் நடத்திய அதே லைப்சிக் லுத்தரன் மிஷன் 1893இல் இந்த மலைக்கும் வந்தது என்பது எனக்கு இங்கே வந்தபின்தான் தெரிந்தது. கத்தோலிக்கப் பாதிரிமார் அதற்கும் முன்பே வந்திருந்தார்கள். ஆகவே படிப்பு வாசனை இல்லாத ஊருக்கு வெளிச்சம் கொண்டுபோகிறோம் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால், அதை வீட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். பேரனின் நோட்டை வாங்கி வரிவரியாகப் படித்துப்பார்த்துக் கேள்வி கேட்கும் பாட்டிமார்களை நான் இங்கே சந்தித்திருக்கிறேன்.

எங்கள் பள்ளி ‘ஷூலே யா காட்டா’ வகையைச் சேர்ந்தது. நம் ஊர் வழக்கில் வார்டுப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2004இல் தொடங்கிய இடைநிலைக் கல்வி வளர்ச்சித் திட்டத்தையொட்டி நாடெங்கும் இப்படிப் பள்ளிகள் எழும்பின. ஊர்மக்கள் கல்லும் மணலும் உழைப்பும் கொடுத்தார்கள். அரசு பணமும் ஆசிரியரும் கொடுத்தது. 2016 ஜனவரியிலிருந்து நான்காம் ஃபாரம் வரை கட்டணமும் கிடையாது. (ஆம், நம் தாத்தா காலத்துப் பள்ளிகளில் சொன்ன அதே பெயர்தான். இங்கே முதல் ஃபாரம் என்பது நம் எட்டாம் வகுப்பு.) கட்டணம் போனதும் பிள்ளைகள் வந்து நிறைந்தார்கள். வகுப்பறைகள் அதே வேகத்தில் பெருகவில்லை. முதல் ஃபாரத்தில் ஒரே அறையில் 70 பேர் வரை நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். மூவர் உட்காரும் பெஞ்சில் ஐவர்.

இங்கே மணி எண்ணுவது சூரியன் உதிப்பதிலிருந்து. நம் காலை ஏழு மணி இவர்களுக்கு முதல் மணி, எட்டு மணி இரண்டாம் மணி. அந்த முதல் மணிக்கு முன்பே பிள்ளைகள் வந்து வளாகத்தைப் பெருக்குகிறார்கள், கேனில் தண்ணீர் சுமந்து வருகிறார்கள். எதிரில் பெரியவர் யார் வந்தாலும் ‘ஷிகமோ’ என்று வணங்குகிறார்கள். பெரியவர் ‘மரஹாபா’ என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொள்ளாமல் கடந்துபோவது பெரிய அவமதிப்பு. மதியம் மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த மக்காண்டே, அல்லது உகாலி களி. அதற்கான தானியத்தைப் பெற்றோர் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். மைதானத்தில் இந்தப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்க வேண்டும்! கேலி, வம்பு, வழக்கு, பஞ்சாயத்து, பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று அரைமணி நேர வாக்குவாதம். எல்லாம் சுவாகிலியில்.

மணி அடித்து வகுப்புக்குள் நுழைந்ததும் அத்தனையும் நின்றுவிடும். எழுந்து நின்று ஒரே குரலில் ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொல்வார்கள். உட்காருவார்கள். அதன்பின் பேச்சே இல்லை. ஆசிரியர் கேள்வி கேட்டால் எழுபது முகங்களும் மேசையைப் பார்க்கும்.

காரணம் எளியது. நான் பார்த்த பிள்ளைகள் ஏழு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் எல்லாப் பாடத்தையும் சுவாகிலியில் படித்தவர்கள். ஆங்கிலம் அவர்களுக்கு ஒரு பாடம் மட்டுமே. ஏழாம் வகுப்புப் பொதுத்தேர்வைச் சுவாகிலியில் எழுதித் தேறி, டிசம்பர் விடுமுறை கழிந்து ஜனவரியில் முதல் ஃபாரத்துக்குள் கால் வைத்தால், கணக்கு, வரலாறு, உயிரியல், பூகோளம் எல்லாமே ஆங்கிலத்தில். தொடக்கத்தில் சில வாரம் ஆங்கில அறிமுக வகுப்பு நடத்துகிறார்கள். சில வாரத்தில் ஒரு மொழியைச் சிந்திக்கும் அளவுக்கு யார் கற்றிருக்கிறார்கள்?

ஒரு கணக்கைச் சொல்கிறேன். செவ்வக வடிவத் தோட்டம். சுற்றளவு 60 மீட்டர். நீளம் அகலத்தைப் போல இரு மடங்கு. நீள அகலம் காண்க. கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதினோம். ஒரு கை எழவில்லை. வகுப்பு ஆசிரியர் அதே கணக்கை ஒரு நிமிடம் சுவாகிலியில் சொன்னார். பின் பெஞ்சிலிருந்து, நோட்டில் எழுதாமல் மனத்திலேயே போட்டு, ‘பத்து, இருபது’ என்று ஒரு பையன் கத்தினான். அவனுக்குக் கணக்கு வராது என்று அவனுடைய மதிப்பெண் பட்டியல் சொல்கிறது. நாடு முழுவதும் நான்காம் ஃபாரம் பொதுத்தேர்வில் அடிப்படைக் கணிதத்தில் தேறாதவர்களே பெரும்பான்மை. பிள்ளைகளுக்கு மூளை இல்லை, ஆசிரியருக்குத் திறமை இல்லை என்றெல்லாம் பேசுகிறவர்களை நான் இங்கும் பார்த்தேன். அந்தப் பையன் கத்தியதைக் கேட்டபின் அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வராது.

உங்களுக்கு இது புரியும். மற்ற எந்த நாட்டிலிருந்து வரும் தொண்டர்களையும்விட உங்களுக்குத்தான் அதிகம் புரியும், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். பிளஸ் டூவில் தமிழ் வழியில் கணக்கில் நூற்றுக்கு நெருக்கமாக எடுத்த பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, முதல் பருவத்தில் அவர்கள் நாலு அரியர் வைத்துக்கொண்டு தலைகுனிந்து திரும்பி வந்து நம் முன்னால் நின்றதைப் பார்த்தவர்கள் நாம். “பாடம் தெரியும் டீச்சர், கேள்விதான் புரியல” என்று அவர்கள் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அங்கே பதினெட்டு வயதில் நடப்பது இங்கே பதின்மூன்று, பதினான்கு வயதில் நடக்கிறது. தாங்கிக்கொள்ளும் வயதுகூட ஆகவில்லை.

இந்த நாடு இதை அறியாமல் இல்லை. நாட்டை 1961இல் விடுதலைக்கு அழைத்துவந்த ஜூலியஸ் நைரேரே, தார் எஸ் சலாம் அருகே புகு என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மக்கள் அவரை இன்றும் ‘ம்வாலிமு’, அதாவது ஆசிரியர், என்றுதான் குறிப்பிடுகிறார்கள். நாட்டுத் தலைவராக இருந்தபோதே ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைச் சுவாகிலியில் மொழிபெயர்த்து 1963இல் வெளியிட்டார். 120க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் நாட்டை ஒரே மொழியின்கீழ்க் கொண்டுவந்தது அவருடைய பெரும் சாதனை. 1967இல் சுயசார்புக்கான கல்வி என்ற கொள்கை அறிக்கை வந்தது. அதே ஆண்டில் தொடக்கக் கல்வி முழுவதும் சுவாகிலி வழிக்கு மாறியது. உயர்நிலைப் பள்ளி வாசலில் வந்து அந்த மாற்றம் நின்றுவிட்டது. ஆங்கிலத்தை விட்டுவிடக்கூடாது என்று நைரேரேயும் கருதினார். 1982இல் மக்வேட்டா என்பவர் தலைமையிலான அரசுக் குழு, உயர்நிலைக் கல்வியையும் படிப்படியாகச் சுவாகிலிக்கு மாற்றச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. 2015இல் வெளியிடப்பட்ட கல்விக் கொள்கை எல்லா நிலையிலும் சுவாகிலியைப் பயிற்றுமொழியாக்கலாம் என்றது. வகுப்பறைக்கு அது வந்து சேரவில்லை. தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தின் மார்த்தா கோரோ போன்றோர் பல்லாண்டுகளாக ஒன்றையே எடுத்துச் சொல்லிவருகிறார்கள்: ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாகச் சொல்லிக்கொடுங்கள், மற்றப் பாடங்களைப் பிள்ளைக்குப் புரிகிற மொழியில் நடத்துங்கள். நான் பார்த்த வரையில் அவர்கள் சொல்வது முழுக்கச் சரி.

பெற்றோரின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இங்குள்ள அப்பா அம்மாக்கள் ஆங்கிலம் வேண்டும் என்கிறார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் தனியார் ஆங்கிலவழித் தொடக்கப் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. மலையேற்ற வழிகாட்டி வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் ஆங்கிலம் கேட்கிறார்கள். பல்கலைக்கழகம் முழுவதும் ஆங்கிலம். நம் சென்னை ஐஐடி 2023இல் சான்சிபாரில் வளாகம் திறந்தபோது இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு உயர்ந்த கல்விக்கு இன்னொரு கதவு திறந்தது. அங்கும் பாடம் ஆங்கிலத்தில்தான். ஆகவே ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மக்காச்சோளம் விற்ற காசில் மகளுக்குச் சீருடை வாங்கிக்கொடுக்கும் தாய் கேட்பது, தன் மகள் நன்றாக வர வேண்டும் என்பதைத்தான். ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்தில் வாய்மூடி உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலமும் வருவதில்லை, கணக்கும் வருவதில்லை. இதைப் பெற்றோர் கூட்டத்தில் இங்குள்ள ஆசிரியர்களே எடுத்துச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் எடுபடும். வெளியிலிருந்து வந்த நாம் சொன்னால், உங்கள் பிள்ளைகளை ஆங்கிலம் படிக்கவைத்துவிட்டு எங்களை மட்டும் தடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான்.

இனி நம் போன்ற தொண்டர்கள் எங்கே வருகிறோம் என்று பாருங்கள். மோஷி, அரூஷா இரண்டும் மலையேறுவோரும் காட்டுலா போவோரும் வந்து தங்கும் நகரங்கள். அதையொட்டி வெளிநாட்டுத் தொண்டர்களைப் பள்ளிகளுக்கும் குழந்தைகள் இல்லங்களுக்கும் அனுப்பிவைக்கும் முகவாண்மைகள் ஏராளம். இரண்டு வாரத்துக்கு வருகிறார்கள், ஒரு வகுப்பை எடுத்துக்கொள்கிறார்கள், ஆங்கிலத்தில் பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், அழுது விடைபெறுகிறார்கள். அடுத்த வாரம் வேறொருவர் வந்து அதே பாட்டைத் தொடங்குகிறார். வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலோர் நல்ல மனசுள்ள இளைஞர்கள். ஆனால் இந்தத் தொடர் வரவால் இரண்டு கேடுகள் விளைகின்றன. ஒன்று, ஆண்டு முழுவதும் அங்கே நிற்கும் உள்ளூர் ஆசிரியர் தன் வகுப்பை விட்டு ஒதுங்கி நிற்க நேர்கிறது. பிள்ளைகளின் பார்வையில் அவர் சிறுத்துப்போகிறார். அதைவிடப் பெரிது, சுவாகிலி தெரியாத ஒருவர் வகுப்பில் நின்றால் அந்த அறையில் ஆங்கிலம் மட்டுமே பேசியாக வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே வாயடைத்துப்போன பிள்ளைகளின்மேல் இன்னொரு பூட்டு. குழந்தைகள் இல்லங்களுக்குப் போவதைப் பற்றி எனக்கு இன்னும் கடுமையான கருத்து உண்டு: பெற்றோரைப் பிரிந்த சின்னப் பிள்ளை, வந்து வந்து போகும் அந்நியர்களிடம் மாறி மாறி ஒட்டிக்கொண்டு பிரியும்படி ஆக்குவது கொடுமை. அங்கே போகாதீர்கள்.

நான் தனியாக எந்த வகுப்பையும் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் ஃபாரத்தின் கணக்கு ஆசிரியர் நாட்டின் தென்பகுதியிலிருந்து பணி நியமனமாகி இங்கே வந்தவர். என் மகன் வயதுதான் இருக்கும். அவருக்கும் சாக்கா மொழி தெரியாது; சுவாகிலிதான் அவருக்கும் ஊருக்கும் பாலம். அவர் நடத்துவார், நான் அவர் வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். மாலையில் ஆசிரியர் அறையில் தேநீரும் மந்தாசி என்ற பொரித்த பலகாரமும் வைத்துக்கொண்டு மறுநாள் பாடத்தை இருவரும் சேர்ந்து தயாரிப்போம். ஆரம்பத்தில் அவருக்கு ஒரு தயக்கம் இருந்தது. “தேர்வு ஆங்கிலத்தில் வருகிறதே அம்மா, நான் சுவாகிலியில் விளக்கினால் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்தவன் ஆகமாட்டேனா?” என்று கேட்டார். நேர்மையான கேள்வி. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் என்ன சொல்வார்களோ என்ற பயம் வேறு. ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசினால் தண்டிக்கும் பள்ளிகள் உண்டு என்பதும் அவருக்குத் தெரியும்.

பேசிப் பேசி, செய்து பார்த்து, ஒரு வழிக்கு வந்தோம். கணக்கு ஆங்கிலத்தில் கரும்பலகையில் இருக்கும். பிள்ளைகள் இருவர் மூவராகச் சேர்ந்து சுவாகிலியில் விவாதிப்பார்கள். அதற்கு நேரம் கட்டாயம் உண்டு. ஒருவர் எழுந்து வந்து சுவாகிலியில் விளக்குவார். பிறகு அதே விளக்கத்தை எல்லோரும் சேர்ந்து ஆங்கிலத்தில் கட்டுவார்கள். விடைத்தாளில் எழுதுவது அந்த ஆங்கிலம். மைதா மூட்டையின் சாக்கை விரித்து அதன்மேல் மார்க்கர் பேனாவால், இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் சுவாகிலி, நடுவில் படம் என்று எழுதிச் சுவரில் தொங்கவிட்டோம். இங்குள்ள ஆசிரியர்கள் வெகுநாளாகவே சாக்கில் இப்படிப் படம் எழுதுகிறவர்கள். மழையில் நனைந்தாலும் கிழியாது, காகிதம் போல் செலவில்லை. பாடத்துக்குப் பாடம் இருமொழிக் குறிப்பையும் ஒரு நோட்டில் தொகுத்தோம். தமிழ்வழியில் கணக்கு நடத்தியபோது நம் எல்லோரிடமும் இப்படி ஒரு நோட்டு இருந்திருக்கும். நான் கொண்டுவந்த அனுபவம் அவ்வளவுதான். மீதியெல்லாம் அவருடையது. நோட்டு அவர் கையெழுத்தில் இருக்கிறது, அவர் மேசையில் இருக்கிறது.

இப்போது கடைசி நாட்களைப் பற்றி. புறப்படுவது என்பது கடைசி நாளில் செய்யும் காரியம் இல்லை. நாம் இல்லாமல் அந்த வகுப்பு நடப்பதை நாம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். நவம்பர் தொடங்கியதிலிருந்து நான் வகுப்பில் வாய் திறப்பதில்லை. தயாரிப்பிலும் அவர் கேட்டால் மட்டுமே சொல்கிறேன். இரண்டாம் ஃபாரத்துக்கும் நான்காம் ஃபாரத்துக்கும் தேசியத் தேர்வு நடக்கும் மாதம் இது. பள்ளி முழுவதும் பதற்றமாக இருக்கும். முதல் ஃபாரம் பிள்ளைகளை ஓரமாக ஓர் அறையில் அடக்கி உட்காரவைத்திருந்தார்கள். அங்கே அவர் மறுபடி ஒரு வேலிக் கணக்கைக் கொடுத்தார். தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட வேண்டும்; கம்பி எவ்வளவு? ஆண்டு முழுவதும் என் காதுபட ஒரு வார்த்தை பேசியிராத ஒரு பெண் எழுந்து, “வாசல் எங்கே?” என்று சுவாகிலியில் கேட்டாள். வாசல் இருக்கும் இடத்தில் கம்பி வேண்டாமே என்றாள். வாசலுக்கும் கதவு கம்பியில்தானே செய்வோம் என்றான் ஒருவன். எங்கள் வீட்டில் மரக்கதவு என்றாள் இன்னொருத்தி. பிறகு அந்த வாதத்தையே இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதினார்கள். இலக்கணப் பிழை இருந்தது, பொருள் துல்லியமாக இருந்தது. ஆசிரியர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்காததில் எனக்கு எவ்வளவு நிறைவு என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாக்குறுதிகளைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். போகும் நாள் நெருங்க நெருங்கப் பிள்ளைகள் சீட்டு எழுதிக் கையில் திணிப்பார்கள். மறுபடி எப்போது வருவீர்கள், தொலைபேசி எண் தாருங்கள், என்னை மேலே படிக்க வைப்பீர்களா. 2022இலிருந்து ஐந்தாம், ஆறாம் ஃபாரத்துக்கும் அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை; ஆனாலும் சீருடை, பெட்டி, படுக்கை, பேருந்து என்று செலவு இருக்கத்தான் செய்கிறது. மனசு இளகி ஒரு பிள்ளைக்குச் சரி என்றால், பக்கத்தில் நிற்கும் அறுபத்தொன்பது பேருக்கும் இல்லை என்று சொன்னதாகிவிடும். உதவ விரும்பினால் தலைமையாசிரியரிடமும் பள்ளிக் குழுவிடமும் சொல்லுங்கள். யாருக்கு எது தேவை என்று அவர்களுக்குத்தான் தெரியும். வருவேன் என்று உறுதியில்லாமல் வருவேன் என்று சொல்லாதீர்கள். நான் பிள்ளைகளிடம், திரும்பி வருவேனா என்று தெரியாது, உங்கள் ஆசிரியர் இங்கேயே இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். சிலர் முகம் வாடியது. வாடட்டும் என்று விட்டுவிட்டேன். பொய்யைவிட அது மேல்.

கொடுப்பதை மறுக்காதீர்கள். பெற்றோர் வாழைத்தாரும் முட்டையும் கொண்டுவருவார்கள். ஆசிரியைகள் சேர்ந்து காங்கா துணி எடுத்துத் தோளில் போர்த்துவார்கள். இவர்களால் முடியாதே என்று நினைத்து வேண்டாம் என்றால், நீ எனக்குக் கொடுக்கத் தகுதியில்லாதவள் என்று சொன்னது போலாகும். நேற்று ஒரு பாட்டி கருணைக்கிழங்கு போன்ற கிழங்கு ஒன்றைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு, மலைப்பாதையில் வெகுதூரம் இறங்கி வந்தார். விமானத்தில் கொண்டுபோக முடியாது. ஆசிரியர் அறையில் எல்லோரும் வேகவைத்துச் சாப்பிட்டோம். பாட்டியும் உடனிருந்தார்.

வர நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். சுற்றுலா விசாவில் வந்து பள்ளியில் வேலை செய்யக்கூடாது. தொண்டர்களுக்குச் ‘சி’ வகை வசிப்பு அனுமதி உண்டு, அழைக்கும் பள்ளியோ அமைப்போ மூலம் அதை முறையாகப் பெறுங்கள். ஓர் ஆண்டாவது தங்க முடியாதவர்கள் பயணச் செலவை அப்படியே பள்ளிக்கு அனுப்பிவிடலாம். அந்தப் பணத்தில் வாங்கும் பெஞ்சுகள் நம்மைவிட அதிக நாள் உழைக்கும். மார்ச்சிலிருந்து மே வரை பெருமழை, மண்சாலை வழுக்கும். ஜூன், ஜூலையில் சரிவில் நன்றாகவே குளிரும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை. பீன்ஸ், கீரை, வாழைக்காய், சப்பாத்தி எங்கும் கிடைக்கும். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எடுக்காதீர்கள், எடுத்ததை ஊருக்கு அனுப்பாதீர்கள்.

சுவாகிலியைக் கண்டு பயப்பட வேண்டாம். எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம், வினைச்சொல்லில் முன்னொட்டுகளைப் பழகிக்கொண்டால் பாதி மொழி கைக்கு வந்துவிடும். அறுபது வயதில் எனக்கு வந்தது. முதல் மாதங்களில் என் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் திருத்தினார்கள். திருத்துவதற்காகவே வாய் திறந்தார்கள். ஆசிரியர் ஒரு மொழியைத் தட்டுத் தடுமாறிக் கற்பதை நேரில் பார்ப்பது, இன்னொரு மொழியில் தடுமாறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் தரும் என்பதை நீங்களே வந்து பாருங்கள்.

இளம் ஆசிரியர் அடுத்த ஆண்டு இரண்டாம் ஃபாரம் பாடங்களுக்கும் இதே போன்ற நோட்டைத் தயாரிக்க நினைக்கிறார். இயற்கணிதம், வடிவொத்த முக்கோணங்கள், மடக்கை எல்லாம் வரும். தமிழ்வழியில் இவற்றை நடத்திப் பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். உங்களிடம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் இங்கே கொடுத்த ஒரே வாக்கு அதுதான். ஜனவரிக்கு யாரும் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். ஜூலையில் அடுத்த பருவம் தொடங்கும். அதற்குள் மொழி படிக்க அரையாண்டுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. வருவதாக முடிவு செய்பவர்கள் முதலில் எனக்கு எழுதுங்கள், அந்த ஆசிரியரின் முகவரியைத் தருகிறேன். அவருக்கு எழுதும் முதல் கடிதம் சுவாகிலியில் இருக்கட்டும். நாலு வரி போதும். பிழை இருந்தால் அவர் திருத்தி அனுப்புவார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருத்தி
மோஷி, தான்சானியா